எதிர்த்தவர்தான் அறிவிக்க வேண்டும்

கம்பெனி கேட்டுக்கு எதிரே தார்ப்பாய்ப் பந்தல் போட்டு அக்காவும் அவளோடு வேலை பார்த்த பெண்களும் உட்கார்ந்திருந்தபோது, ஒரு நாள் காலையில் தண்ணீர் கேன்கள் வந்து இறங்கின. கான்ட்ராக்டருடைய மினி லாரியில். முந்தின நாள் வரை அதே லாரியைப் பந்தல் ஓரமாக உரசினாற்போல் ஓட்டிப் புழுதி கிளப்பிவிட்டுப் போன டிரைவர், அன்றைக்கு வண்டியை மெதுவாக நிறுத்தினான். கேன்களை நிழல் பார்த்து வைத்தான்.

"வெயிலு ஜாஸ்தியா கீது, குடிங்கக்கா" என்றான்.

அக்கா யாரையும் தொடவிடவில்லை. ஷிப்ட் முடிந்து நான் பந்தலுக்குப் போனபோது கேன்கள் மூடி திறக்காமல் அப்படியே இருந்தன.

"மொறச்சிக்கினு இருந்தவன் சிரிக்கிறான்டா. இன்னாமோ ஆவப்போவுது" என்றாள்.

"பயந்துட்டாங்கக்கா. அதான்."

"பயந்த மூஞ்சி எனக்குத் தெரியாதா? இது பயந்த மூஞ்சி இல்ல."

அக்கா எட்டாவதோடு நின்றவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதற்கான முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீஸ் வாசலில் என்னோடு நின்றவளும் அவள்தான். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். அவள் தேர்வாய் கண்டிகையில் ரப்பர் குழாய் செய்யும் கம்பெனியில் பேக்கிங் பிரிவு. கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள்.

இரண்டாம் ஷிப்ட் முடிந்தால் கான்ட்ராக்டரின் வேன் பெண்களை ஊர்வரை கொண்டுபோய் விடும். திடீரென்று அந்த வேனை நிறுத்திவிட்டார்கள். ஏரிக்கரை ஓரமாக விளக்கில்லாத ரோட்டில் நடந்து வர வேண்டியிருந்தது. அக்காவும் இன்னும் இரண்டு பேரும் முன்னால் நின்று வேன் வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த வாரம் பேக்கிங் பிரிவுப் பெண்கள் யாருக்கும் கேட்டில் கார்டு வேலை செய்யவில்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டோம் என்று ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. மெஷினில் கார்டை வைத்தால் பச்சை எரிய வேண்டும். சிவப்பு எரிந்தது. அவ்வளவுதான். செக்யூரிட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பச்சை திரும்ப எரிய வேண்டும் என்பதற்காகத்தான் பந்தல். பந்தலைப் போட்டது எங்கள் கட்சி.

கட்சியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. சின்னக் கட்சி. பைபாஸ் ஓரம் பஞ்சர் கடைக்கு மேலே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறைதான் கிளை அலுவலகம். கிளைச் செயலாளர் வள்ளூர்க்காரர். அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வெல்டராக இருந்து, அங்கே சங்கம் கட்டப்போய் வெளியே தள்ளப்பட்டவர். யார் டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்கமாட்டார். ரியல் எஸ்டேட்காரர்கள் பெயர் போட்ட கல்யாணப் பத்திரிகை வந்தால் அந்தக் கல்யாணத்துக்குப் போகமாட்டார். பெரிய கட்சிக்காரன் ஏறிய மேடையில் அவர் கால் பட்டதில்லை. கீழே பஞ்சர் ஒட்டுகிறவர் கேலி செய்வார்: "ஆபீசுக்கு எதுக்கு தோழர் பூட்டு? உள்ள வரதுக்கு ஒருத்தனும் உங்களாண்ட பாஸ் ஆவ மாட்டான்." செயலாளரும் சிரிப்பார். ஆனால் பூட்டுவார்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் கட்சியில் சேர்ந்ததற்கு அதுதான் காரணம். கொள்கைப் புத்தகங்களையெல்லாம் பிறகுதான் படித்தேன்.

எங்கள் கிளையில் ஒரு வழக்கம் இருந்தது. மற்ற கிளைகளில் இருந்ததா என்று தெரியாது. அவர் கொண்டுவந்தது. கை தூக்கி ஒரு முடிவு எடுத்தால், அந்த முடிவை ஜனங்களிடம் போய்ச் சொல்ல வேண்டியவர், அதை எதிர்த்துக் கை தூக்கியவர்தான். "ஜெயிச்சவன் போய்ச் சொன்னா அது அவன் கருத்து. தோத்தவன் போய்ச் சொன்னாத்தான் அது கட்சி கருத்து" என்பார். போய்ச் சொல்பவர், தான் எதிர்த்ததைக் காட்டிக்கொள்ளவும் கூடாது. அறைக்குள் பேசியது அறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இதில் அதிகம் அடிபட்டவர் பழவேற்காட்டுத் தோழர். ஏரியில் இறால் பிடிக்கிற குடும்பம். ஒரு துறைமுகக் கம்பெனி அவர் குப்பத்துக்கு இலவசமாக வலை கொடுக்க வந்தபோது, வாங்கக்கூடாது என்று கிளை முடிவெடுத்தது. அவர் ஒருவர்தான் எதிர்த்தார். வழக்கப்படி அவரே போய்த் தன் சொந்த ஜனத்திடம் வலையை வாங்காதீர்கள் என்று சொன்னார். குப்பத்தில் வெகு காலம் அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மனைவியைக் கூட மீன் ஏலக்கூடத்தில் தனியாக உட்கார வைத்தார்களாம். அவர் அதைப் பற்றிக் கிளையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. செயலாளர் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

தண்ணீர் கேன் வந்த இரண்டொரு நாளில் சிப்காட் டீக்கடையில் கான்ட்ராக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். பெரிய கட்சியில் ஒன்றிய அளவில் பொறுப்பில் இருப்பவர். அதற்கு முன் என்னிடம் பேசியதில்லை.

"தம்பி, பந்தல் நோட்டீஸ் எழுதினது நீங்கதானே? படிச்சேன். என்னைத்தான் திட்டிக்கீறீங்க. ஆனா ஒரு எழுத்துப் பிழை இல்லாம திட்டிக்கீறீங்க. நம்ம பசங்க என்னைப் புகழ்ந்து எழுதினா கூட படிக்க முடியல."

நான் டீக்குக் காசை எடுத்து வைத்தேன்.

"இனிமே நம்ம நோட்டீஸும் நீங்கதான் பாத்துக் குடுக்கணும்" என்றார். பிறகு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "அக்கா சவுக்கியமா கீறாங்களா? வெயில்ல குந்திக்கினு இருக்க வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

மிரட்டினார் என்று யாரிடமும் சொல்ல முடியாது. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நல்ல வார்த்தை. இருந்தும் அன்று முழுக்க எனக்கு வேலையில் கண் ஓடவில்லை. எங்களுக்கு இன்னும் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளைக் கூட்டத்தில் தெரிந்தது. மாவட்டக் குழுவிலிருந்து ஒரு தோழர் வந்திருந்தார். கூரைச் சூடு தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். உள்ளாட்சித் தேர்தலில் பெரிய கட்சியோடு கூட்டணி முடிந்துவிட்டது. மாவட்டத்தில் நமக்குச் சில வார்டுகள். இந்த ஒன்றிய வார்டில் அவர்கள் வேட்பாளர் கான்ட்ராக்டர். நாம் அவருக்கு வேலை செய்ய வேண்டும். பந்தலைப் பிரித்துவிட்டால் பெண்களை அவர் திரும்ப எடுத்துக்கொள்வார்.

"எல்லாரையுமா?" என்று செயலாளர் கேட்டார்.

"முன்னாடி நின்னு பேசின மூணு பேரைத் தவிர. எலக்சன் முடியட்டும், அவங்களையும் பாக்கலாம்னு சொல்றாரு."

அந்த மூன்று பேரில் முதல் ஆள் யார் என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் தீர்மானம் எழுதுகிற பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மூணு பேரைக் குடுத்துட்டு மத்தவங்களை வாங்கறதுக்குப் பேரு பேச்சுவார்த்தை இல்ல தோழர்" என்றார் செயலாளர். "அவன் கேட்டுல நாம பந்தல் போட்டோம். அதே ஆளுக்கு நாமளே ஓட்டு கேட்டா, அடுத்த தடவை எந்தப் பொண்ணு நம்மள நம்பி வெளிய வந்து குந்துவா?"

மாவட்டத் தோழர் கோபப்படவில்லை. "அந்தப் பொண்ணுங்களுக்கு வேலை வேணும். உங்களுக்குக் கொள்கை வேணும். ரெண்டுல எது அவசரம்னு நீங்களே சொல்லுங்க."

பழவேற்காட்டுத் தோழர் அதுவரை சுவரில் சாய்ந்திருந்தார். "அவங்க ஊட்டுல அடுப்பு எரியணும் தோழர்" என்றார். "நாம மட்டும் கை கழுவிக்கினு சுத்தமா குந்திக்கினு இருந்து இன்னா பிரயோஜனம்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு அன்றைக்கும் அது தெரிந்தது. பந்தலில் இருந்த பாதிப் பேர் வீட்டில் குழு லோன் தவணை நின்றுபோயிருந்தது. ஆனால் முந்தின நாள் அக்கா சொன்னதும் காதில் இருந்தது: "எத்த வேணா முடிவு பண்ணுங்க. எங்களாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு பண்ணுங்க." கேட்கவேண்டும் என்று இரண்டு பக்கத்திலும் யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் சொன்னேன், அந்தப் பெண்களிடமே கேட்கலாம் என்று. கிளை முடிவைக் கிளைதான் எடுக்க வேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். அந்த ஒன்றில் மட்டும் மாவட்டத் தோழரும் அவரும் ஒத்துப்போனார்கள்.

கை தூக்கும் நேரம் வந்தது. செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

"தோழர், இது உங்க அக்கா சம்பந்தப்பட்டது. நீங்க கை தூக்கக் கூடாது."

மாவட்டத் தோழரே ஆச்சரியப்பட்ட மாதிரி கேட்டார்: "விதியில அப்படி எதுவும் இல்லையே. தம்பி தூக்கட்டுமே."

"விதியில இல்ல. நியாயத்துல இருக்கு" என்றார் செயலாளர்.

"சரி, உங்க கிளை. நீங்க சொன்னா சரி" என்று மாவட்டத் தோழர் உடனே விட்டுக்கொடுத்தார். அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தது ஏன் என்று கைகள் எழுந்தபோதுதான் தெரிந்தது. கூட்டணிக்கு நான்கு கை. எதிர்த்து, செயலாளரோடு சேர்த்து, மூன்று. என் கையும் சேர்ந்திருந்தால் சரிசமம். சமமானால் செயலாளர் நிற்கிற பக்கம்தான் முடிவு. மாவட்டத் தோழர் அறைக்குள் நுழைந்தபோதே எண்ணிப் பார்த்திருப்பார். எங்கள் செயலாளருக்கு எண்ணிப் பார்க்கும் பழக்கம் கிடையாது. எண்ணிப் பார்ப்பதே அழுக்கு என்று நினைக்கிற மனிதர்.

பழவேற்காட்டுத் தோழர் செயலாளரைப் பார்த்து மெல்லிய குரலில் சொன்னார்: "அப்போ தோழர்தான் போய்ச் சொல்லணும்."

அந்தக் குரலில் வன்மம் இருந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இருந்ததாகத் தோன்றவில்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

மறுநாள் காலை தேர்வாய் கண்டிகைக்கு நாங்கள் போனபோது பந்தலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளைக் கார் நின்றது. கண்ணாடி ஏற்றியிருந்தது. செயலாளர் துவைத்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். பெண்கள் எழுந்து நின்றார்கள். அவர் உட்காரச் சொல்லிவிட்டு, தீர்மானத்தை நான் எழுதியிருந்தபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். கூட்டணி. வேட்பாளர். பந்தல். மூன்று பேரைத் தவிர.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே போகப்போகிறவர்களும் வெளியே நிற்கப்போகிறவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து வேலைக்குப் போகிற ஒரு பெண், கல்யாணமாகி ஒரு வருடம் கூட ஆகாதவள், அக்காவின் முழங்கையைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அக்கா எழுந்தாள். "தோழர், நீங்க இன்னா சொல்றீங்க?"

"சொன்னேனே அம்மா."

"கட்சி சொன்னத சொன்னீங்க. நீங்க இன்னா சொல்றீங்க? இதுக்கு நீங்க கை தூக்கினீங்களா?"

"கிளை முடிவு எதுவோ அதுதான் என் முடிவு."

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. வழக்கம், விதி, அறை எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெண்கள் இனி யாரை நம்பலாம் என்பது அந்த நிமிடத்தில்தான் முடிவாகப்போகிறது என்று எனக்குப் பட்டது. "அக்கா, அவரு எதிர்த்துத்தான் கை தூக்கினாரு. மூணு பேரைத் தரமுடியாதுன்னு சண்ட போட்டாரு" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

செயலாளர் என்னைப் பார்க்கவில்லை. பெண்களைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னார்: "தோழர் தப்பா சொல்றார். நான் எதிர்க்கலை."

வெயில் ஏறியிருந்தது. அவர் பேச்சில் ஒரு தடுமாற்றம் இல்லை. டீ வேண்டாம் என்று சொல்கிற அதே குரல்.

அதற்காகவே காத்திருந்த மாதிரி கார்க் கதவு திறந்தது. கான்ட்ராக்டர் இறங்கி வந்து, "பெரிய மனசு தோழர் உங்களுக்கு" என்று சொல்லி ஒரு சால்வையை அவர் தோளில் போர்த்தினார். கூட வந்த ஆட்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். எந்த மேடையிலும் ஏறாத மனிதர், ரோட்டோரப் புழுதியில் அந்தச் சால்வையோடு நின்றார். கழற்றவும் இல்லை. பெண்கள் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

வண்டியில் திரும்பும்போது அக்கா பின்னால் இருந்து கேட்டாள்.

"யாருடா பொய் சொன்னது?"

"அவருதான்க்கா."

"அவரு பொய்யே சொல்ல மாட்டாருன்னு நீதானேடா சொல்லிக்கினு இருந்த."

நான் வண்டியை வேகப்படுத்தினேன்.

அறைக்குள் பேசியதை வெளியே சொன்னதற்காக என்னைக் கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். சொல்ல வந்தவர் செயலாளரே. வீட்டுக்குள் வரவில்லை, வெளியிலேயே நின்றார். நான் கேட்டேன்: "ஏன் தோழர் அப்படிச் சொன்னீங்க?"

"கட்சி ரெண்டா தெரியக் கூடாது தோழர்."

"அது பொய்யில்லையா?"

கொஞ்சம் யோசித்தார். "என் பேரு கெட்டா பரவாயில்லை" என்றார். அதைத் தியாகம் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. சிலருக்கு விலை பேசினால் போதும், வாங்கிவிடலாம். இவரை வாங்க யாரும் எதுவும் தரவில்லை. இவருடைய சுத்தத்தை வைத்தே இவரை முழுக்க எடுத்துக்கொண்டார்கள்.

பெண்களுக்குப் பச்சை எரிந்தது. அக்காவுக்கும் மற்ற இரண்டு பேருக்கும் எரியவில்லை. அக்கா தினமும் ஒருமுறை போய்க் கார்டை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு போவதை நிறுத்திவிட்டு, மணவாள நகரில் ஒரு தையல் கடைக்கு பஸ் ஏறிப் போக ஆரம்பித்தாள்.

வேன் வரவில்லை. கேட்க யாரும் இல்லை. கொஞ்ச நாளில், ஏரிக்கரை ரோட்டில் தன்னிடம் இரண்டு பேர் வம்பு செய்தார்கள் என்று ஒருத்தி சூபர்வைசரிடம் போய்ச் சொன்னாள். அடுத்த வாரம் அவள் கார்டு சிவப்பு. பிறகு இன்னொருத்தி. முன்பு எல்லோருக்கும் ஒரே நாளில் நடந்தது, அதனால் பந்தல் போட முடிந்தது. இப்போது ஒவ்வொருத்தியாக. ஒரு பெண்ணுக்காக யார் பந்தல் போடுவார்கள்? போட்டால் யாருக்கு எதிராகப் போடுவார்கள்? நின்றுபோனவர்களில் இரண்டு பேர் கிளை அலுவலகத்துக்கே போய்ப் பார்த்தார்கள். தேர்தல் முடியட்டும் என்று செயலாளர் சொல்லி அனுப்பினாராம். மாவட்டத் தோழர் சொன்ன அதே வார்த்தை. அவர்கள் அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு அக்காவைத் தேடி வந்தார்கள்.

பிரசாரம் தொடங்கியது. சாயங்காலங்களில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எங்கள் தெருவுக்கு வரும். ஒரு நாள் அதிலிருந்து வந்தது செயலாளரின் குரல். பதிவு செய்து வைத்திருந்தார்கள். கான்ட்ராக்டரைப் புகழ்ந்து பேசவில்லை, அதிகப்படியாக ஒரு சொல் இல்லை. உழைக்கும் மக்கள் யோசித்து வாக்களிக்க வேண்டும் என்று, எப்போதும் பேசுகிற மாதிரி அழுத்தம் திருத்தமாகப் பேசினார். கடைசியில் அந்தச் சின்னத்தைச் சொன்னார். வீடுகளிலிருந்து ஜனங்கள் வெளியே வந்து நின்று கேட்டார்கள். மற்ற ஆட்டோக்களுக்கு யாரும் வந்து நின்றதில்லை.

"நல்லா பேசறாருடா" என்றாள் அக்கா. "நம்பற மாதிரி பேசறாரு."

பந்தலில் அவள் முழங்கையைப் பிடித்த அந்தப் பெண் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கு அதுவரை பச்சைதான் எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவள் கழிவறைக்குப் போய் நேரமாகிவிட்டதென்று சூபர்வைசர் அவள் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டானாம். பெயரை எழுதக் கூட இல்லையாம். கேட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனானாம்.

"நாளைக்கு என் கார்டு எரியுமாக்கா?"

ஆட்டோ கடைசி வீட்டைத் தாண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பியது. குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா அவளைப் பார்க்காமல் சொன்னாள்:

"வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்."